தேய்க்கச் சொல்லித்தரும் முன் விளக்கை அணையுங்கள்: தொடக்க வகுப்பு ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொடக்க நிலை மாணவர்களுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

நானும் இதே வேலையில் இருப்பவள்தான். மாணவர் ஓவியங்கள் மாட்டியிருக்கும் சுவர் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் தேடுவது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத்தான். பெரும்பாலான படங்களில் அது எங்கிருந்தும் வருவதில்லை. உருண்டை வழவழவென்று இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் கருமை ஓடியிருக்கும். நடுவில் கொஞ்சம் வெள்ளை, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். விளக்கு எங்கே இருந்தது என்று வரைந்தவரிடம் கேட்டால் விழிப்பார். ஒளியைப் பற்றி யோசிக்காமலே நிழலை வரைந்து முடித்திருப்பார்.

இதில் மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் சொல்லித்தரும் வரிசை அப்படி. முதலில் அவுட்லைன் போடு, உள்ளே பென்சிலால் நிரப்பு, விரலாலோ தாள் குச்சியாலோ தேய், கடைசியில் ரப்பரால் ஒரு ஹைலைட் (மிகப் பளிச்சென்ற இடம்) எடு. இந்த வரிசையில் கண்ணுக்கு எங்கே வேலை இருக்கிறது? எதிரே பொருளே இல்லாவிட்டாலும் இதைச் செய்து முடித்துவிடலாம். பலர் செய்தும் விடுகிறார்கள்.

ஆகவே ஒரு கோரிக்கை. ஷேடிங்கை, அதாவது ஒளி-நிழல் தீட்டுவதை, வழவழப்பாக்கும் கைவேலையாகத் தொடங்காதீர்கள். பொருளின் மேல் ஒளி எங்கே முடிகிறது, நிழல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்து முடிவு செய்வதை முதல் பாடமாக வையுங்கள். கிரேடேஷன் (வெளிச்சத்திலிருந்து கருமைக்குப் படிப்படியாக இறக்குவது), தேய்ப்பு, பென்சில் ரகங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

அதற்கு முதல் தடை நம் அறைதான். கூரை நெடுகக் குழல்விளக்கு, இரண்டு பக்கமும் ஜன்னல். மேஜையில் ஒரு கோப்பையை வைத்தால் அதற்கு மூன்று நான்கு மங்கல் நிழல்கள் விழுந்து ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். கைதேர்ந்தவருக்கே அந்தக் கோப்பையில் ஒளியையும் நிழலையும் பிரிப்பது சிரமம். அதைப் புதிதாகச் சேர்ந்தவர் முன் வைத்து ‘பார்த்து வரை’ என்கிறோம். பார்க்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை, தெரிந்த மாதிரி விளிம்பைக் கருப்பாக்குகிறார்.

ஒரே ஒரு விளக்கு போதும். பொருளுக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில், சற்று முன்தள்ளி வையுங்கள். மற்றதையெல்லாம் அணையுங்கள். அறையை இருட்டாக்க வழியில்லை என்றால் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, திறந்த பக்கம் மாணவரைப் பார்த்திருக்க வையுங்கள். ஒரு பக்கச் சுவரில் விளக்குக்கு ஒரு துளை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஜன்னல் வெளிச்சத்தை நம்புகிறவர்கள் வெயில் நேராக விழாத ஜன்னலாகப் பாருங்கள். பூமியின் வடபாதியில் பொதுவாக அது வடக்கு ஜன்னல், தென்பாதியில் தெற்கு; வெப்பமண்டல ஊர்களில் ஆண்டின் சில மாதங்கள் இது மாறும். வெயில் விழும் ஜன்னலில் மாணவர் நிழலை வரைந்து முடிப்பதற்குள் நிழல் இடம் மாறியிருக்கும்.

பொருட்களையும் முதல் சில வாரங்களுக்கு வெள்ளையாகவே வையுங்கள். பழைய புட்டி, பெட்டி, கிண்ணம் எதுவானாலும் பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். பொருளுக்கே உரிய நிறத்தின் கருமையும், நிழலால் வந்த கருமையும் தொடக்கத்தில் ஒன்றாக மோதினால் எது எதென்று யாருக்கும் புரியாது. சிவப்புப் பழமும் பச்சைப் புட்டியும் நீலத் துணியும் அடுக்கிய ஸ்டில் லைஃப் மேஜை அழகாகத்தான் இருக்கும். அது மூன்றாம் மாதத்துக்கு உரியது.

இனி முதல் பாடம். கண்ணை நன்றாகச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நுணுக்கங்கள் மங்கும், வெளிச்சமான பகுதியும் இருளான பகுதியும் இரண்டு பெரிய வடிவங்களாகத் திரளும். தாளில் இருக்க வேண்டியது அந்த இரண்டுதான்: தாளின் வெள்ளை, ஒரே ஒரு சாம்பல். நடுத்தரம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு இடமும் ஒளியைச் சேர்ந்ததா, நிழலைச் சேர்ந்ததா என்று மாணவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ‘இது ரெண்டுங்கெட்டானா இருக்கே’ என்பார்கள். விடாதீர்கள். அந்த இடத்தில்தான் அவர்கள் உண்மையிலேயே பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பொருளின் மேல் இருக்கும் நிழலும் அது மேஜையில் வீழ்த்தும் நிழலும் ஒட்டிக்கொண்டு ஒரே வடிவமாகும்போது, நடுவில் அவுட்லைன் போட்டு அதைப் பிரிக்கவும் விடாதீர்கள். கிண்ணத்தின் அடிவிளிம்பு நிழலுக்குள் காணாமல் போகிறதா, போகட்டும்.

இப்படி வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்க்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஒரு துளி கிரேடேஷன் இல்லை. ஆனாலும் கிண்ணம் உருண்டு திரண்டு நிற்கிறது. உருவம் கொடுப்பது வழவழப்பு என்று நினைத்து வந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அடுத்த சிக்கல் எதிரொளி. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு முட்டையை வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒரு பக்கம் விளக்கு போடுங்கள். மறுபக்கம் நிழல். அந்த நிழலின் அடிப்பகுதியில், தாளில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஒரு பிறைபோல் ஏறியிருக்கும். மாணவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த சந்தோஷத்தில் ரப்பரை எடுத்துப் பளிச்சென்று துடைத்தும் விடுவார். முட்டை அந்த நொடியே தகரமாகிவிடும், இரண்டு பக்கமும் விளக்கு போட்ட மாதிரி.

‘அவ்வளவு வெளிச்சம் இல்லை’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணுக்கு அது பளிச்சென்றுதான் தெரிகிறது. ஒரு சாம்பல் அட்டையில் பஞ்ச் வைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு துளை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை எட்டப் பிடித்து, ஒரு துளை வழியே எதிரொளிப் பிறையும், மற்றதன் வழியே ஒளிப்பக்கத்தில் நிழலின் எல்லைக்கு முன்னே இருக்கும் நடுத்தர டோனும் (வெளிச்ச-கருமை அளவும்) தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். அட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால் இரண்டும் துளைகளில் வந்து அமரும். பளிச்சென்று தெரிந்த பிறை அங்கே ஒரு அழுத்தமான சாம்பல் வட்டமாக இருக்கும். மங்கலென்று நினைத்த நடுத்தர டோன் அதைவிட வெளிறியிருக்கும். அட்டையை விலக்கினால் பிறை மறுபடி பளிச்சென்று ஆகும். திரும்பத் திரும்ப வைத்தும் விலக்கியும் பார்ப்பார்கள். பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பிறை பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் அதைச் சூழ்ந்திருக்கும் இருள். நம் மூளை ஒவ்வொரு இடத்தையும் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. நிழலில் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கும் ஒரு தள்ளுபடி கொடுத்துவிடுகிறது. பார்வையை ஆராயும் அறிவியலாளர் எட்வர்ட் அடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளிச்சத்தில் இருக்கும் ‘கருப்பு’க் கட்டமும் உருளையின் நிழலில் இருக்கும் ‘வெள்ளை’க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல். வெட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் நம்புவோம். அன்றாட வாழ்க்கைக்கு இந்தத் தள்ளுபடி அவசியம், வரைகிறவருக்கு இடைஞ்சல். ஷேடிங் கற்பது என்பதில் பெரும்பகுதி இந்தத் தள்ளுபடியைக் கண்டுபிடித்துக் கழிக்கக் கற்பதுதான். ஒரே நிறப் பொருளில் நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடமும், ஒளிப்பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும் என்று நாம் விதியாகச் சொல்வதை, அட்டைத் துளையில் பார்த்த பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் அது மனப்பாடமாகிவிடும்.

கண்ணின் வெள்ளைக்கும் இதே கதைதான். முகம் வரைகிற மாணவர் விழியின் வெண்பகுதியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுவார், பற்களையும் அப்படியே. விழி என்பது புருவ எலும்புக்குக் கீழே குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு உருண்டை. மேல் இமை அதன்மேல் நிழல் போடுகிறது. வெள்ளை என்று நாம் அழைக்கும் அந்த இடம் பல நேரம் கன்னத்தைவிட மங்கல்.

ஒளி-நிழல் பழகிய கண் எதைச் சாதிக்கும் என்பதற்கு ஓவியத்துக்கு வெளியே இருந்து ஒரு சான்று. 1609-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணித அறிஞர் தொலைநோக்கியால் நிலாவைப் பார்த்து வரைந்தார். அவர் தாளில் இருப்பது ஒழுங்கற்ற ஒரு எல்லைக்கோடும் சில கறைகளும். சில மாதம் கழித்து அதே நிலாவைக் கலிலியோ தன் தொலைநோக்கியில் பார்த்தார். அவருக்கு வரைகலைப் பழக்கம் உண்டு. 1613-இல் பிளாரன்ஸின் ஓவியக் கழகம் அவரை உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது. ஒளிப்பக்கமும் இருள்பக்கமும் சந்திக்கும் எல்லை வளைந்து நெளிந்து கிடப்பதையும், அந்த எல்லையைத் தாண்டி இருளுக்குள் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் மிதப்பதையும், நேரம் ஆக ஆக அவை பெருகி ஒளிப்பக்கத்தோடு சேர்வதையும் அவர் கவனித்தார். அவை காலை வெயில் முதலில் படும் மலைமுகடுகள் என்று படித்துவிட்டார். மையைக் கரைத்து அவர் தீட்டிய நிலாக்களில் பள்ளங்களின் ஒரு சரிவு வெளிச்சம், எதிர்ச்சரிவு நிழல். 1610-இல் கலிலியோவின் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலாக்களிலும் பள்ளங்கள் தோன்ற ஆரம்பித்தன. கருவியில் இருந்த வித்தியாசம் ஒரு பக்கம் இருக்க, பார்த்ததை உருவமாகப் படிக்கத் தெரிந்தது பெரிய வித்தியாசம். பிறைநிலாவின் இருண்ட பக்கம் மங்கலாகத் தெரிவது பூமியில் பட்டுத் திரும்பும் ஒளியால் என்றும் கலிலியோ அதே நூலில் விளக்கினார். நம் முட்டையின் அடியில் இருந்த அதே பிறை.

இப்போது கிரேடேஷனுக்கு வருகிறேன். பயிற்சித் தாள்களில் உருண்டையை வெள்ளையிலிருந்து கருப்பு வரை ஒரே சீராக இறக்கச் சொல்கிறோம். உண்மையான உருண்டை அப்படி இறங்குவதில்லை. ஒரு பரப்பு விளக்கைப் பார்த்து நேராக இருக்கும்போது கிடைக்கும் ஒளி, 30 டிகிரி சாய்ந்தால் சுமார் 87 சதவீதமாகிறது. 60 டிகிரி சாய்ந்த பிறகும் பாதி மிச்சமிருக்கிறது. மீதிப் பாதி முழுவதும் கடைசி 30 டிகிரிக்குள் விழுந்துவிடுகிறது. இந்தக் கணக்கை லாம்பர்ட் என்ற அறிவியலாளர் 1760-லேயே எழுதிவைத்துவிட்டார். போதாததற்கு நம் கண்ணின் கணக்கு வேறு. கருப்புக்கும் வெள்ளைக்கும் சரிநடுவில் இருப்பதாக நமக்குத் தெரியும் சாம்பல், நிறங்களை அளவிட மன்செல் வகுத்த அளவுகோலின்படி சுமார் 20 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒற்றை விளக்கின் முன் இருக்கும் வெள்ளை உருண்டையில் ஒளிப்பக்கம் வெகுதூரம் வெளிச்சமாகவே ஓடுகிறது. நிழல் எல்லையை நெருங்கியதும் மடமடவென்று சரிகிறது. சீராக இறக்கிய உருண்டை ஏன் பஞ்சடைத்த மாதிரி இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. திரும்ப வேண்டிய இடத்தில் அது திரும்பவில்லை, அவ்வளவுதான். கணக்கை மாணவரிடம் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் பெரியவர்களிடம் சொல்வேன், சிறுவர்களிடம் ‘கடைசியில்தான் சறுக்கும்’ என்று நிறுத்திக்கொள்வேன்.

டோன் கட்டங்கள் வரையும் பயிற்சி வேண்டும்தான், ஆனால் முதல் நாள் வேண்டாம். செய்யும்போது இரண்டு முனைகளையும் முதலில் நிரப்பி, நடுவைக் கண்டுபிடித்து, பிறகு இடைக்கட்டங்களுக்குப் போகச் சொல்லுங்கள். இடமிருந்து வலமாகப் போனால் பாதியிலேயே கருமை தீர்ந்துவிடும். HB பென்சில் ஒன்றோடு மட்டும் வகுப்புக்கு வரச் சொல்லாதீர்கள். அதில் எவ்வளவு அழுத்தினாலும் ஆழமான கருப்பு வராது, கிராஃபைட் பளபளக்கத்தான் செய்யும். 2B, 6B இரண்டும் இருந்தால் போதும். சார்க்கோல் கிடைத்தால் இன்னும் நல்லது. தாள் முழுக்க சார்க்கோல் பூசிவிட்டு ரப்பரால் ஒளியை மட்டும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவுட்லைனே போட முடியாததால் வடிவத்தை மொத்தமாகப் பார்த்தே தீர வேண்டியிருக்கும்.

‘கோடே சரியாக வராதவருக்கு நிழல் எதற்கு’ என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்கும் நிழல் வடிவமும் ஒரு கோட்டு வேலைதான். பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் 1866-க்கும் 1871-க்கும் இடையே ஜெரோம் என்ற ஓவியரின் துணையோடு வெளியிட்ட வரைபாடத் தாள்களைப் பாருங்கள். 1880-இல் வான் கோ உட்கார்ந்து நகலெடுத்துப் பழகியது இவற்றை வைத்துத்தான். அவற்றில் சிலையின் வெளிவிளிம்பைக் கோடாகப் போடும்போதே நிழலின் எல்லையும் கோடாகவே போடப்பட்டிருக்கும். மெல்லிய டோன்களெல்லாம் அதற்கு அப்புறம். விகிதம் தவறினால் நிழல் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். மறுமுனையில் பிரெஞ்சு ஓவியர் சூராவின் கான்டே கிரேயான் (கருப்பு வண்ணக் குச்சி) படங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அவுட்லைனைத் தேடினாலும் கிடைக்காது. இருண்ட உருவத்தின் ஓரத்தில் பின்னணியைக் கொஞ்சம் வெளிறவைத்தும், வெளிச்சமான ஓரத்தில் பின்னணியைக் கொஞ்சம் கருக்கவைத்தும் உருவத்தை நிறுத்தியிருக்கிறார்.

தேய்ப்பதைப் பற்றி. அடியோடு தடை செய்யச் சொல்லவில்லை. ஆனால் விரல் வேண்டவே வேண்டாம். தோலின் எண்ணெய் தாளில் ஏறி, பிறகு ரப்பர் போட்டாலும் போகாத திட்டாகும். தாள் குச்சியைக்கூட முதல் பருவத்தில் பூட்டி வைத்துவிடலாம். தேய்ப்பு எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி மழுங்கடிக்கிறது. பொருளின் மேல் இருக்கும் நிழலின் எல்லை உருண்டையில் மென்மையாகவும் பெட்டியின் மூலையில் கத்தி மாதிரியும் இருக்கும். விழும் நிழலோ பொருளைத் தொடும் இடத்தில் கூர்மையாகத் தொடங்கி விலக விலகக் கரையும். இதையெல்லாம் கோட்டு ஷேடிங்கில் பழகினால் ஒவ்வொரு விளிம்பையும் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கும். கோடுகளை வைத்தும் புள்ளிகளை வைத்தும் உருவத்துக்குத் திரட்சி கொடுப்பது புதிதும் அல்ல. பழைய சமஸ்கிருத ஓவிய நூலான சித்ரசூத்திரம் வர்த்தனை என்று இதற்குப் பெயரிட்டு, இலை நரம்பு போன்ற கோடுகளால் ஒன்று, நுண்ணிய சாயலால் ஒன்று, புள்ளிகளால் ஒன்று என மூன்று வகை சொல்கிறது.

கைபேசிப் படத்தைப் பார்த்து வரையும் பழக்கத்தைக் கொஞ்ச நாளாவது நிறுத்துங்கள். இன்றைய கைபேசிகள் நிழலைத் தாமாகவே வெளிச்சமாக்கிவிடுகின்றன; ஃப்ளாஷ் போட்டால் ஒளி முன்னாலிருந்தே வந்து முகத்தைத் தட்டையாக்கும். மாணவர் பிரித்துப் பழக வேண்டிய வேலையை இயந்திரம் முன்கூட்டியே கலைத்துவைத்திருக்கிறது. நேரில் பார்த்துப் பழகிய பிறகு புகைப்படத்தில் எது பொய் என்று அவருக்கே தெரியும். கைபேசிக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: முடித்த வண்ணப்படத்தைக் கருப்பு-வெள்ளையில் படமெடுத்துப் பார்த்தால் டோன் சரிந்த இடம் உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக மதிப்பெண். பாடத்திட்டம் வகுப்பவர்களும் தேர்வாளர்களும் இந்தப் பத்தியையாவது படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ‘நேர்த்தி’ என்ற தலைப்பில் நீங்கள் கொடுக்கும் மதிப்பெண் நடைமுறையில் வழவழப்புக்குப் போகிறது. வழவழப்புக்கு மதிப்பெண் இருக்கும்வரை யாரும் தேய்ப்பதை நிறுத்தப் போவதில்லை. அதில் பாதியை எடுத்து மூன்று கேள்விகளுக்குக் கொடுங்கள். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறதா? ஒளியைச் சேர்ந்த டோன்களும் நிழலைச் சேர்ந்த டோன்களும் கலக்காமல் இருக்கின்றனவா? அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் உருவம் நிற்கிறதா? இதற்குத் தாள்களைக் கட்டாக மேஜையில் வைத்துத் திருத்தாமல் சுவரில் ஒட்டித்தான் திருத்த வேண்டும். இடமும் நேரமும் கூடுதலாகத்தான் ஆகும். பெரிய தேர்வுகளில் உடனே முடியாது என்றால் வகுப்புத் தேர்வில் தொடங்குங்கள். அடுத்த பருவத்தின் முதல் வகுப்பிலேயே, தாளைக் கையில் கொடுப்பதற்கு முன், இந்த மூன்று கேள்விகளையும் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே வரையச் சொல்லித்தரும் ஒருத்தி